வெள்ளை வளையம்

அத்தியாயம் 12

சாரல் தொடங்கி எட்டு நாளாகிவிட்டது. தென்காசித் தெருக்களில் வெயிலும் தூறலும் கைகோத்துக்கொண்டு நடந்தன. மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் அதற்குள்ளிருந்து மலை மெல்ல வெளியே வரும். கண்ணிமைத்தால் மறுபடி உள்ளே போய்விடும்.

குழல்வாய்மொழி ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி அடுக்கிய பெட்டி. சாயங்காலம் மெட்ராஸ் வண்டி. நாளை மறுநாள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவள் தலையைத் திறந்து பார்க்கப்போகிறார்கள். அல்லது பார்க்கப்போவதில்லை. எதுவென்று இன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

கூடவே வருகிறவர்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும். வழியில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

பிப்ரவரி மாதம் ஒருநாள், டெலிபோன் எக்சேஞ்சில் டிரங்க் போர்டின் முன்னால் குழல்வாய்மொழி உட்கார்ந்திருந்தாள். ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்கு பம்பாய் லைன் போட்டுக்கொண்டிருக்கும்போது காதுக்குள் அருவி விழுகிற சத்தம் கேட்டது. குற்றாலத்துப் பாறைகள் காய்ந்து கிடந்த நேரம் அது. சத்தத்தோடு ஈர இரும்பு மாதிரி ஒரு வாசனை. இந்த நிமிஷத்தை முன்பே ஒரு தடவை வாழ்ந்து முடித்துவிட்டோம் என்று தோன்றியது. கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். நாக்கு கடிபட்டிருந்தது. சுற்றிலும் முகங்கள்.

ஏப்ரலில் திருவனந்தபுரத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். வலது பொட்டுக்கு உள்ளே, மூளையில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை வளையம். அதைச் சுற்றி வீக்கம்.

மெட்ராஸில் இருக்கும் அவள் அண்ணன் கணபதிசுப்பிரமணியன் அந்தப் படத்தை ஒரு பெரிய சர்ஜனிடம் காட்டினார். கட்டி, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் சர்ஜன். தென்காசி டாக்டர் ஹாஜரா பீவி, “புழுவோட கூடாகவும் இருக்கலாம். வலிப்பு மாத்திரையை விடாமச் சாப்பிடுங்க. பன்னிரண்டு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்” என்றார்.

காத்திருக்கிறேன் என்று சொன்னது குழல்வாய்மொழிதான். அன்றிலிருந்து அண்ணன் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்று வந்து இறங்கியவர் கையோடு இரண்டு டிக்கெட்டும், ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்த கட்டிலின் சீட்டும் கொண்டு வந்திருந்தார்.

பன்னிரண்டு வாரம் முடிந்து, இரண்டாவது ஸ்கேனும் முந்தாநாள் திருவனந்தபுரத்தில் எடுத்தாயிற்று. அங்குள்ள பெரிய டாக்டர் பார்த்து எழுதித் தர ஒருநாள் ஆகும் என்றார்கள். படம் இன்று காலை கொல்லம் பாசஞ்சரில், ரயில் கார்டின் கையில் வருகிறது. அவள் புருஷன் நம்பிராஜன் தென்காசியில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். அதை வாங்கிவரத்தான் போயிருக்கிறான்.

“பெட்டிய இன்னும் மூடலையாட்டி?”

அண்ணன் கையில் இரண்டு டம்ளர் காப்பியோடு நின்றார். அவரே போட்டது. கறுப்பாக, ஆறிப்போய் இருந்தது.

“படம் வரட்டும் அண்ணே.”

“படம் வந்தாலும் வராட்டாலும் வண்டி ஆறு மணிக்கு வந்திரும்.” காப்பியை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். “புழுவாம் புழு. நம்ம வீட்டுல முட்டைகூட உள்ள வந்ததில்ல. பன்னிப்புழு எங்கன இருந்து வரும்?”

“பன்னிக்கறி சாப்பிட்டவங்களுக்கு வயித்துலதான் வரும், தலைக்கு வராதுன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்களே. அந்தப் புழுவோட முட்டை யார் கையில இருந்தாவது சோத்துலயோ தண்ணியிலயோ விழுந்திருந்தா யாருக்கும் வரும். சைவம், அசைவம் கிடையாது.”

“அதுக்குத்தானே அவள நிப்பாட்டுனேன்.”

இந்த வீட்டில் பதினோரு வருஷம் சமைத்த முருகம்மாளைப் பற்றிய பேச்சு அது. வீட்டில் சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லாருக்கும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, அப்போது ஊருக்கு வந்திருந்த அண்ணன் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி அவளை அனுப்பிவிட்டார். குழல்வாய்மொழி மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்தாள். நம்பிராஜன் செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டான். பிறகு வந்த ரிசல்டில் முருகம்மாளுக்கு ஒன்றும் இல்லை. அதைத் தெருவே கேட்கும்படி சொல்லத்தான் ஆளில்லை.

“அம்மாவுக்கும் பொறுத்துப் பாப்போம்னுதான் சொன்னாங்க.” அண்ணனின் குரல் தாழ்ந்தது. “பொறுத்தோம். என்ன ஆச்சு? நீ அப்ப சின்னப்பிள்ள. நான்தான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன்.”

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதுகு கூனியிருந்தது. எப்போது இவ்வளவு வயதானார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே தூறல் நின்று, ஒரு மஞ்சள் வெளிச்சம் ஓட்டுக் கூரைகள் மேல் படர்ந்தது. மாத்திரை தொடங்கிய பின் பகல்கள் இப்படித்தான் ஆகிவிட்டன. எல்லாம் கொஞ்சம் தள்ளி நடந்தன. சைக்கிள் மணி முதலில் கேட்கும், சைக்கிள் பின்னால் வரும். தெருவில் போகிறவர்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல் நிதானமாகப் போனார்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அந்த அருவிச் சத்தம் வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு முற்றம் தெரியும். அவள் எங்கும் பார்த்திராத முற்றம். பச்சை வெளிச்சம். ஈரக் கல். யாரோ அவள் பெயரைக் கூப்பிட வாயைத் திறப்பார்கள். கூப்பிடும் முன் எல்லாம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு வருவது பயங்கரம்தான். ஆனால் அதற்கு முந்திய அரை நிமிஷம் அவ்வளவு நிம்மதியாக இருக்கும். கடைசியாக வந்து ஐந்து வாரம் ஆகிறது. வராமல் இருப்பது நல்லது என்று புத்தி சொன்னது. இருந்தாலும் சில பகல்களில், சும்மா, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வாசலில் சைக்கிள் நின்றது.

நம்பிராஜன் தொப்பலாக நனைந்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பெரிய பழுப்பு உறையை எடுத்தான். உறை மட்டும் நனையவில்லை.

“பிரிச்சுப் பாத்தீயளா?”

“பாத்தேன். வானத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் விளங்கல குழலி.”

உறையை நீட்டும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தை நினைத்துப் பயப்படுகிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

*

மார்க்கெட்டுக்குப் பின்னால் டாக்டர் ஹாஜரா பீவியின் கிளினிக். போய்ச் சேர்ந்தபோது கரண்ட் இல்லை. படம் பார்க்கும் விளக்குப்பெட்டி இருண்டு கிடந்தது. ஹாஜரா பீவி ஐம்பது வயதுக்காரர், கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தூக்கம் போதாத கண்கள். எழுந்து ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்தார்.

“வெளிச்சம் இதுவே போதும். இங்கன வாங்க மூணு பேரும்.”

இடது கையில் ஒரு படம், வலது கையில் ஒரு படம். இரண்டையும் ஜன்னலில் பிடித்தார். பின்னால் சாரல் மூடிய வானம் பால் மாதிரி வெளுத்திருந்தது. படத்தில் இருந்த மூளைகள் அந்த வெண்மைக்குள் மிதந்தன. குழல்வாய்மொழி தன் தலைக்குள் இருப்பதைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். யாருடைய வீட்டின் வரைபடமோ போல இருந்தது.

“இது ஏப்ரல். இந்தா, வளையம். பாத்தீங்களா? சுத்திக் கறுப்பா பரந்திருக்கே, அது வீக்கம். இந்த ஒரு படத்த மட்டும் வச்சு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. கட்டியும் இப்படி வளையமாத் தெரியும். காசநோய்க் கட்டியும் தெரியும். புழுக்கூடும் தெரியும். மூணுக்கும் ஒரே முகம். மெட்ராஸ் சர்ஜன் சொன்னது தப்பில்ல. கட்டியா இருந்து நாம காத்திருந்தா, அந்தத் தப்பு நம்மளோடது.”

கணபதிசுப்பிரமணியன் நிமிர்ந்தார். “அப்படீன்னா…”

“இருங்க. வளையத்துக்குள்ள பாருங்க. நடுவுல இல்லாம ஓரமா, கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அது புழுவோட தலையா இருக்கலாம்னு திருவனந்தபுரத்து டாக்டர் அப்பவே சந்தேகமா எழுதியிருந்தாரு. அதையும், வளையம் சின்னதா இருந்ததையும், இவங்க மத்தபடி நல்லா இருந்ததையும் நம்பித்தான் காத்திருக்கச் சொன்னேன். உண்மையச் சொல்லணும்னா, மூணு மாசமா நானும் சரியாத் தூங்கல.”

வலது கைப் படத்தை இன்னும் மேலே தூக்கினார்.

“இது முந்தாநாள் எடுத்தது. அதே இடம். நீங்களே தேடுங்க.”

கணபதிசுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தின் மேலேயே முகத்தை வைத்தார். தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

“காணுமே!”

“இந்தா இருக்கு. ஒரு பொட்டு. வளையம் சுருங்கிப் போச்சு. வீக்கம் போயிட்டு. கட்டியா இருந்தா இந்த மூணு மாசத்துல வளந்திருக்கணும். காசநோய்னா அதுக்குண்டான மருந்தே நாம குடுக்கல, தானா இப்படி ஓடாது. புழு செத்து உடம்பே அதக் கரைச்சிருக்கு. பெரிய டாக்டரும் இதையேதான் எழுதியிருக்காரு.” ஹாஜரா பீவி படங்களைக் கீழே வைத்தார். “தலையத் திறக்க வேண்டாம் குழலி. மாத்திரை மட்டும் ரெண்டு வருஷம். ஒருநாள்கூட விடக்கூடாது.”

தெருவில் பலாப்பழ வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

கணபதிசுப்பிரமணியன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. குழல்வாய்மொழி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளையைப் பிடிப்பதுபோல் அவர் கையைப் பிடித்தாள்.

“வெளிய காத்தோட்டமா உக்காருங்க ரெண்டு பேரும்” என்றார் டாக்டர். “நம்பிராஜன், நீங்க ஒரு நிமிஷம் இருங்க. மாத்திரை எழுதித் தாரேன்.”

கதவு மூடிக்கொண்டது. ஹாஜரா பீவி மாத்திரை எழுதவில்லை. மேஜை டிராயரிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“உங்க ரிசல்ட். வீட்டுல மத்தவங்க எல்லாம் மே மாசமே குடுத்துட்டாங்க. நீங்க போன வாரம்தான் குடுத்தீங்க.”

நம்பிராஜன் தாளைத் தொடவில்லை.

“நாடாப்புழு முட்டை இருக்கு, அதே பன்னிப்புழுதான். பயப்பட ஒண்ணுமில்ல. காலையில வெறும் வயித்துல மாத்திரை, அதோட போயிரும். வருஷக்கணக்கா உள்ள இருந்தாலும் சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது.”

“எனக்குத் தெரியும் டாக்டரம்மா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு வருஷமா… வெளிய போகும்போது வெள்ளையா, பட்டையா, நாடாத் துண்டு மாதிரி வரும். யார்ட்ட சொல்ல? நீங்க அன்னைக்கு நாடாப்புழுன்னு சொன்ன உடனே எனக்கு எல்லாம் விளங்கிட்டு.”

“எங்க சாப்பிட்டீங்கன்னு நான் கேக்கல. அது எனக்கு வேண்டாம்.” ஹாஜரா பீவி தாளை மறுபடி மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார். “இதை நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன், உங்க சம்சாரத்துட்டகூட. ஆனா அந்த முருகம்மா ரெண்டு தடவ இங்க வந்து, ‘எங்கிட்ட ஒண்ணுமில்லேன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க டாக்டரம்மா’ன்னு கேட்டுட்டுப் போனா. எழுதிக் குடுத்தேன். அதை யார்கிட்ட காட்டுவான்னுதான் எனக்குத் தெரியல.”

*

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தரையில் ஒரு துண்டை விரித்துப் படுத்தவர், ஏழெட்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார். சாயங்கால வண்டியில் அவர் மட்டும் திரும்புவதென்று முடிவாயிற்று.

குழல்வாய்மொழி புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, குற்றாலத்துக்குப் போயிட்டு வருவமா? முருகம்மாக்கா அங்கன ஒரு லாட்ஜுல வேலை செய்யுதாளாம். அவகிட்ட முதல்ல சொல்லணும்.”

நம்பிராஜன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். “சரி” என்றான்.

பஸ்ஸில் கூட்டம். எண்ணெய் தேய்த்த தலைகள், ஈரத் துண்டுகள், ரம்புட்டான் பழக் கூடைகள். குற்றாலத்தில் இறங்கியபோது சாரல் ஊசி ஊசியாக முகத்தில் விழுந்தது. கடைகளில் பகலிலேயே விளக்கு எரிந்தது. மனிதர்கள் மங்கிய உருவங்களாக எதிரே வந்து, பக்கத்தில் வந்ததும் முகம் பெற்று, கடந்து மறுபடி மங்கினார்கள். மெயின் அருவி கண்ணுக்குத் தெரியும் முன்பே நிலத்தில் அதிர்ந்தது.

அவள் அருவியில் குளிக்கக் கூடாது, டாக்டர் உத்தரவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். பாறை உச்சியிலிருந்து தண்ணீர் விழுவதாகவே தெரியவில்லை. வெள்ளையாக எதுவோ மேலிருந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். அதன் அடியில் நின்றவர்களின் கூச்சல் தூரத்துப் பள்ளிக்கூடத்துச் சத்தம் போலக் கேட்டது. குழல்வாய்மொழி கண்ணை மூடினாள். வெளியே கேட்கிற சத்தம், வெளியே மட்டும் கேட்கிற சத்தம். இமையிலும் உதட்டிலும் திவலை வந்து உட்கார்ந்தது. உடம்பில் எடையே இல்லை போலிருந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று ஒவ்வொரு திவலையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனது.

“குழலி.”

அவள் கண் திறக்கவில்லை. “ம்.”

“உனக்கு வந்தது என் கையில இருந்துதான்.”

அருவிச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாள். திரும்பினாள். அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். சாரல் பட்டு மை கசியத் தொடங்கியது. அவள் முழுவதும் படித்தாள். பெயரைத் திரும்பவும் படித்தாள்.

“தென்மலை ஸ்டேஷன்ல ரெண்டு வருஷம் இருந்தேன்லா. அங்க புக்கிங் கிளார்க் வீட்டுல கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டாரு. நல்ல மனுஷன். வெளிய மழை, நான் மட்டும் தனியா கிடந்தேன். இலை போட்டு வச்சாங்க. என்னதுன்னு தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். பொறவு ரெண்டு மூணு தடவ.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைவப் பிள்ளை வீட்டுப் பையன். வெங்காயம் சேர்க்காத நாட்களைக் காலண்டரில் குறித்து வைக்கிறவன்.

“ருசியா இருந்துச்சா?”

அவன் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் அது இல்லை. தலை குனிந்தான்.

“இருந்துச்சு.”

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“உனக்கு ராத்திரி டூட்டின்னா நான்தான் தயிர்சாதம் பிசைஞ்சு கட்டிக் குடுத்தேன். முருகம்மா கட்டி வைக்கேன்னு சொன்னாகூட விடமாட்டேன். என் கையால… இந்தக் கையாலதான்.” அவன் கையை விரித்துப் பார்த்தான். யாரோ அவனிடம் கொடுத்து வைக்கச் சொன்ன சாமான் போல அதைப் பார்த்தான்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ஏப்ரல்லயே.”

“அப்ப அண்ணன் வாசல்ல நின்னு முருகம்மாக்காவ ஏசினாரே. அன்னைக்கு?”

அவன் விரித்த கையை மூடிக்கொண்டான்.

“தெரிஞ்சுதான் செருப்ப மாட்டிட்டுப் போனீயளா?”

“ஆமா.”

குழல்வாய்மொழி கம்பியை விட்டுக் கையை எடுத்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள். அவன் பின்னாலேயே வந்தான்.

“தலையில வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள் திரும்பாமல். “நீங்க ஆசையாப் பிசைஞ்சு குடுத்தீய, நான் ஆசையாச் சாப்பிட்டேன். அது தெரியாம நடந்தது. இது அப்படியில்லேல்லா. மூணு மாசம் என் பக்கத்துலயே படுத்திருந்தீய. என் தலையத் திறக்கப் போறாங்கன்னு நாள் குறிச்சாச்சு. அப்பவும் வாய் திறக்கல.”

“சொல்லியிருந்தா புழுதான்னு நம்பிக் காத்திருக்கதுக்கு உனக்கு இன்னும் தைரியம் வந்திருக்கும். அதுவும் தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிருவோம்னு நினைப்பேன்.”

“வாங்க” என்றாள். “லாட்ஜு அந்தத் தெருவுலதான்.”

*

லாட்ஜின் கொல்லைப்புறத்தில் தகர ஓட்டுக்குக் கீழே முருகம்மாள் டம்ளர்கள் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு. குழல்வாய்மொழியைக் கண்டதும் ஈரக் கையோடு ஓடி வந்தாள். பாதி வழியில் ஏதோ நினைவு வந்து நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

குழல்வாய்மொழி எட்டி அந்தக் கைகளைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“கட்டி இல்லையாம்க்கா. புழுதானாம். செத்துப் போச்சாம். ஆபரேஷன் கிடையாது.”

“என் ஆத்தா!” முருகம்மாள் மலைப்பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. “சோறு ஒழுங்காச் சாப்பிடுதியா? இளைச்சுக் கிடக்கியே. யாரு பொங்குதா?”

“முருகம்மா.” நம்பிராஜன் முன்னால் வந்தான். “புழு எங்கிட்ட இருந்திருக்கு. உன்கிட்ட இல்ல. உன்னைப் போகச் சொன்ன அன்னைக்கே எனக்கு அது தெரியும்.”

முருகம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு குழல்வாய்மொழியைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தொட்டியருகே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து டம்ளரைக் கழுவத் தொடங்கினாள். தகரத்தின் மேல் சாரல் மெல்லத் தாளம் போட்டது. ஆறு டம்ளர் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பேசினாள்.

“மருந்து சாப்பிட்டீயளா அண்ணாச்சி?”

“நாளைக்குக் காலையில.”

“சாப்பிட்டிருங்க.” இன்னொரு டம்ளரை எடுத்தாள். “ஆஸ்பத்திரியில சோதனை டப்பாவக் குடுத்துட்டு வெளிய வந்தேன் பாருங்க, ரோட்டுல போற வாரவங்க எல்லாம் என் கையையே பாக்குத மாதிரி இருந்துச்சு. எம்மக வீட்டுக்குப் போனேன். நான் பிசைஞ்ச மாவ அவ கண்ணுக்குத் தெரியாமக் கொட்டினா. அவ கொட்டுனத நான் பாத்துட்டேன்.”

நம்பிராஜன் அந்தச் சேற்றிலேயே குத்தவைத்து உட்கார்ந்தான். “நாளைக்கே வந்திரு முருகம்மா. உன் காலப் பிடிச்சுக்கூடக் கேக்குதேன்.”

“காலு எதுக்கு? எழுந்திரிங்க.” அவள் குரல் உயரவில்லை. “வாரதும் வராததும் பொறவு பாப்போம். பெரியவுக என்னைத் தெருவே பாக்க ஏசினாவ. அவுகளுக்கு இது தெரியுமா?”

“இன்னும் தெரியாது.”

“அப்ப எங்கிட்ட வந்து சொல்லி என்ன அண்ணாச்சி?”

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

*

ஆறு மணி வண்டி அரை மணி நேரம் பிந்தி வந்தது. செங்கோட்டையிலிருந்தே நனைந்து வந்திருந்தது. ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் வரிசையாகத் துளிகள் தொங்கின. இருட்டவில்லை. மேற்கே மேகம் ஓரிடத்தில் கிழிந்து, பிளாட்பாரம் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் தேங்கிக் கிடந்தது.

கணபதிசுப்பிரமணியன் ஜன்னல் இருக்கையில் பத்து வயது குறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலி. அது தங்கைக்காகப் பிடித்த இடம்.

“மாத்திரைய மறந்திராத. சைக்கிள் ஓட்டாத. கிணத்தடிக்குத் தனியாப் போவாத. மாப்ள, இவளுக்கு சமைக்க வேற ஆளு ஒண்ணு நல்லதாப் பாருங்க. அந்தப் பொம்பளைய மட்டும் திரும்ப விட்டிராதீங்க. ரிசல்ட்ல என்ன எழுதியிருந்தா என்ன, மனசு ஒப்பல எனக்கு.”

குழல்வாய்மொழி வாயைத் திறந்தாள். நம்பிராஜன் அவள் மணிக்கட்டைத் தொட்டான். அவள் கையை இழுத்துக்கொண்டு வாயை மூடினாள்.

சிக்னல் இறங்கியது. டூட்டியில் இருந்தவர் பச்சைக் கொடியை விரித்தார். நம்பிராஜன் ஜன்னலை விட்டு விலகி, இரண்டு எட்டில் பெட்டியின் படியில் ஏறிவிட்டான்.

“ஏங்க! எங்க போறீய?”

“கடையநல்லூர் வரைக்கும்.” படியில் நின்றபடியே அவளைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தான். “திரும்ப பஸ்ஸுல வந்திருவேன்.”

“வராட்டா?”

வண்டி நகர்ந்தது. அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு உள்ளே அண்ணன் ஆச்சரியமாகச் சிரிப்பதும், துண்டை எடுத்துப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டுவதும் தெரிந்தது. நம்பிராஜன் உட்கார்ந்தான். அண்ணன் ஒரு கையை வெளியே நீட்டி அவளுக்கு டாட்டா காட்டத் தொடங்கினார். குழல்வாய்மொழி வண்டியோடு கூடவே நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள். நம்பிராஜன் கடையநல்லூர் வரை காத்திருக்கவில்லை. அவன் முகம் அண்ணன் பக்கம் சாய்ந்தது. உதடு அசைந்தது.

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அவள் நின்றாள். தூரத்தில், வெளியே நீண்டிருந்த அண்ணனின் கை பாதி அசைவில் அப்படியே நின்றுபோயிருந்தது.